20 இலக்க எண்ணைத் தாளிலேயே பிரித்துப் போடலாம்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் 2, பிறகு 4 என 64 கட்டங்களிலும் இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் 18446744073709551615 நெல்மணிகள். இந்த எண்ணின் பகாக் காரணிகள் அத்தனையையும் தாளும் பேனாவும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எக்செல் பக்கம் போகாதீர்கள். அது 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். எண் 10-ஆல் வகுபடுகிறது என்று ஏமாந்துபோவோம்.

முதலில் கண்ணால் பாருங்கள். கடைசி இலக்கம் 5, எனவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87. 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

இதற்குமேல் 7, 11, 13 என்று வகுக்க இறங்கிவிடாதீர்கள், பொழுதுதான் போகும். எண் எப்படி வந்தது என்று பாருங்கள். 65-ஆவது கட்டம் இருந்தால் அதில் 2⁶⁴ நெல் இருக்கும். நம் மொத்தம் அதைவிட ஒன்று குறைவு. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² − 1) × (2³² + 1). முதல் அடைப்பை இதே போலத் திரும்பத் திரும்பப் பிரித்தால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள்.

மிச்சம் 2³² + 1, அதாவது 4294967297. இதுவும் பகா எண்தான் என்று கணிதவியலாளர் பெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற கணிதவியலாளர் அந்த நம்பிக்கையை உடைத்தார். இதன் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பதே அவர் பிடித்த நூல். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதே சிக்கிவிடுகிறது!

641 வகுக்கும் என்பதை வகுக்காமலே காட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 641 = 5 × 2⁷ + 1. எனவே 641-ஆல் வகுக்கையில் 5 × 2⁷-க்கு மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மை. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம்: −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபட்டே தீர வேண்டும். ஈவு 6700417.

இந்த ஈவு பகா எண்ணா? பின்னாளில் லூகாஸ் என்ற கணிதவியலாளர் ஆய்லரின் விதியில் 64-ஐ 128 ஆக்கினார்: பகாக் காரணியை 128-ஆல் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 257 தவிர 641, 769, 1153, 1409 மட்டுமே தேறும் (257 ஏற்கெனவே 2³² − 1-இன் காரணியாக வந்தது; 2³² + 1 அதைவிட 2 மட்டுமே கூடுதல் என்பதால் இங்கே மறுபடி வராது). வகுத்தால் மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆக, பகா எண்தான்.

மொத்தம் ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. எனவே வகுத்திகள் 2⁷ = 128; எண் முழு வர்க்கமும் அல்ல.

அடுக்கு இரட்டைப்படையாக இல்லாவிட்டால் இந்த வர்க்க வித்தை பலிக்காது. 2⁶⁷ − 1 அப்படிப்பட்டது. அது 193707721 × 761838257287 என்று 1903-இல்தான் கோல் என்ற அமெரிக்கர் காட்டினார்.