நாற்காலியிலிருந்து எழும்போது தசைக்குள் நடப்பது என்ன?

தோட்டத்தில் மரம் சீவி, காண்டா தூக்கிய தலைமுறையினர் குனோங் ராபாட்டில் இன்றும் பலர் இருக்கிறீர்கள். அன்று இரண்டு வாளிப் பாலைச் சுமந்த உடம்புக்கு இன்று நாற்காலியிலிருந்து எழுவதே சிரமமாக இருக்கலாம். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுமுன், தசை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

தொடைத் தசையின் ஒவ்வோர் இழைக்குள்ளும் இரண்டு வகைப் புரத நூல்கள் அடுக்கடுக்காக உள்ளன. மெல்லியது ஆக்டின், தடித்தது மயோசின். தசை சுருங்கும்போது இந்த நூல்கள் குட்டையாவதில்லை. ஒன்றின் இடையே ஒன்று நழுவிச் செல்கின்றன. இதை 1954-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே இதழில் தனித்தனியே எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றதில் ஹியூ ஹக்ஸ்லி. பெயர்தான் ஒன்று, இருவரும் உறவினர் அல்லர்.

கிணற்றில் வாளி இழுத்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு கை கயிற்றை இழுக்கும்போது மறு கை விட்டு, மேலே பிடிக்கும். மயோசினில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள்தான் அந்தக் கைகள்; ஆக்டின்தான் கயிறு. ஒரு தலை ஒருமுறை இழுப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. கோடிக்கணக்கான தலைகள் மாறி மாறி இழுப்பதால் நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள்.

எந்நேரமும் இழுக்காமல் இருக்க ஒரு தாழ்ப்பாளும் உண்டு. மூளையின் கட்டளை நரம்பு வழியாக வந்ததும், தசை இழைக்குள் சேமித்து வைத்த சுண்ணாம்புச்சத்து வெளிப்படுகிறது. அது ட்ரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்டியதும் தாழ்ப்பாள் விலகி, தலைகள் கயிற்றைப் பிடிக்கின்றன. நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் அதிலுள்ள ட்ரோப்போனின் இரத்தத்தில் கசியும், அதைத்தான் சோதிக்கிறார்கள்.

பிடித்த பிடியை விடுவதற்கு ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் வேண்டும். உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஏ.டி.பி. தீர்ந்துபோவதால் தலைகள் பிடியை விட முடியாமல் நின்றுவிடுகின்றன. ஆக, தசை தளர்வதற்கும் சக்தி தேவை.

வயது ஏற ஏற இழைகள் மெலிகின்றன, அவற்றுக்குக் கட்டளை தரும் நரம்புகளும் குறைகின்றன. படுத்தே இருந்தால் இது வேகமாக நடக்கும். உங்கள் நிலையை வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மகனோ மகளோ பக்கத்தில் நிற்கட்டும். கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கிளினிக்கில் சொல்லுங்கள். முழங்கால் வலியால் தாமதமானாலும் சொல்லுங்கள், அதற்கு வேறு சிகிச்சை உண்டு.

அதே எழுந்து உட்காரும் பயிற்சியே மருந்தும்கூட. கெக் லோக் தோங் குகைக்கோயில் தோட்டத்தில் காலையில் நடப்பவர்கள் நடையை விட வேண்டாம். ஆனால் நடை மட்டும் தொடைக்கு முழு வேலை தராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இது நீரிழிவு உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது.

ஆக்டினும் மயோசினும் புரதம் என்பதால், காலையில் ரொட்டியும் தேநீரும் மட்டும் போதாது. முட்டை, நெத்திலி, பருப்பு, தவு, தெம்பே என ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் பாதத்தை முழங்காலை நோக்கி மெல்ல மடக்குங்கள். சுண்ணாம்புச்சத்து குறைவுதான் காரணம் என்று தாங்களாகவே மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கொழுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் புதிதாகத் தசைவலி வந்தால், தாங்களாகவே நிறுத்தாமல் கிளினிக்குக்கு வாருங்கள். வலியோடு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று செயலிழந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999-ஐ அழையுங்கள்.