உட்கார்ந்தே வேலையா? முதுகுக்குத் துணை சேருங்கள்

நாள் முழுக்க நாற்காலியில் இருந்தால் பிட்டத் தசைகள் பலம் குறையும். அவை தாங்க வேண்டிய பாரம் கீழ்முதுகின் மேல் விழும்.

1. தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். மெத்தை வேண்டாம், புதையும். முழங்காலை மடக்கிப் பாதங்களை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குங்கள். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே கோட்டுக்கு வந்ததும் 5 நொடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். 10 முறை. இடுப்பை அந்தக் கோட்டுக்கு மேல் தூக்க வேண்டாம். முதுகு வளைந்து, வேலை மறுபடி அதற்கே போய்விடும். பின்தொடை பிடித்து இழுத்தால் குதிகாலைப் பிட்டத்துக்கு இன்னும் அருகே கொண்டுவாருங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள்.

2. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்குங்கள். குதிகால்கள் ஒட்டியிருக்க, மேல் முழங்காலை மட்டும் உயர்த்துங்கள். பக்கத்துக்கு 10. நடக்கும்போது இடுப்பு சரியாமல் பிடிப்பது இந்தப் பக்கவாட்டுத் தசைதான்.

3. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 10 முறை. பெரியவர்கள் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நகராது.

4. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். தசை தேற ஓய்வும் வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பாதியில் விடாதீர்கள்.

கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.