ஆய்க்குடிக்குப் புறப்படும் ரகுவுக்கு

சிரஞ்சீவி ரகுவுக்கு,

மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் விழாவுக்கு உன் கம்பெனியின் சார்பில் நீயே காசோலையுடன் போவதாக எழுதியிருந்தது கண்டு சந்தோஷம். ஆயினும், குழந்தைகளுக்கு மேடையில் இனிப்பு வழங்குவதைப் படம்பிடிக்க ஓர் ஆளையும் உடன் அழைத்துப் போகிறோம் என்ற வரியைப் படித்தபின், நாலு வார்த்தை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

அந்த ஸ்தாபனத்தின் பூர்வ சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு போ. 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சையோடு தைரியத்தையும் அளித்த ராணுவ வைத்தியர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரைச் சூட்டி, 1981-இல் தம் சொந்த ஊரிலே சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொடங்கியது அது. உதவி பெறுகிறவர் என்று உலகம் ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்திருக்கக்கூடிய ஒருவர் உதவி செய்யக் கிளம்பியதால் உண்டான இடத்துக்கு, ‘ஐயோ பாவம்’ என்ற முகத்தோடு போவதைக் காட்டிலும் அபத்தம் வேறில்லை. கணிசமான குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகவே விதித்திருக்கிறது 2016-ஆம் வருஷத்துச் சட்டம். ஆகையால், நாம் தர்மம் செய்வதாக எண்ணிப் பூரிக்கவும் அதிக நியாயமில்லை.

குழந்தையோடு பேசு, அதன் தாயாரைப் பார்த்து, “பெயர் என்ன, என்ன படிக்கிறது?” என்று கேட்காதே. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளை ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கச் சற்று நேரமாகலாம். அதை நீ முந்திக்கொண்டு முடித்து வைக்காமல் காத்திரு. கேளாமல் யாருடைய சக்கர நாற்காலியையும் பிடித்துத் தள்ளாதே. எதிரே ஓர் ஆசனத்தை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினால், அண்ணாந்து பார்க்கும் சிரமம் அவர்களுக்கு இராது. படம் எடுப்பதானால் பெற்றோர் சம்மதித்தால் மட்டும் போதாது, பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். பிரசங்கம் செய்யச் சொன்னால் சுருக்கமாக முடி. நம்மவர்களுக்கு ஒலிபெருக்கி கையில் கிடைத்துவிட்டால் கருணை கரைபுரண்டு ஓடும், எதிரே இருக்கும் பிள்ளைகளுக்கோ பசி வேளை!

இனிப்பு அன்றைக்கே தீர்ந்துவிடும். பிள்ளை வளர வளரக் காலில் மாட்டும் காலிபர் சிறுத்துப்போய்ப் புதிது செய்ய வேண்டியிருப்பதும், தசைப் பயிற்சி அளிப்பவருக்கு மாதச் சம்பளம் தவறாமல் கொடுக்க வேண்டியிருப்பதும், வண்டிக்கு டீசல் போட வேண்டியிருப்பதும் விழா மேடைக்கு வராத செலவுகள். இத்தகைய ஸ்தாபனங்களை நடத்துகிறவர்களுக்குத் தூக்கத்தைக் கெடுப்பவையும் இவையே. ஆகவே கூட்டம் கலைந்தபின் கணக்குப் பார்ப்பவரைத் தனியே கண்டு, எந்த மாதம் கை இறுகுகிறது என்று விசாரித்து, வருஷத்துக்கு ஒருமுறை தரும் பெருந்தொகையை மாதாமாதம் தருவதாக மாற்றலாமா என்று கேள். உன் முதலாளியிடம் இதைச் சொல்ல உனக்குச் சங்கோசமாயிருந்தால், இந்தக் கடிதத்தையே அவரிடம் காட்டு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா