சேவ் முதலில், கேம் பிறகு

தலைமன்னாருக்கு வந்துசேரும் பிளேஸ்டேஷன் பெரும்பாலும் வெளிநாட்டில் ஒருவர் விளையாடி ஓய்ந்ததாகத்தான் இருக்கும். லண்டனில் அண்ணன் மகன் பிஎஸ்5 வாங்கினால், அவனுடைய பிஎஸ்4 அடுத்த லீவுக்குச் சூட்கேஸில் வந்து, கொழும்புக் கோட்டையில் ரயிலேறி இறங்குதுறையில் இறங்கும். 2015இல் பாதை மறுபடி திறந்தபின் இந்தப் பயணம் எவ்வளவோ சுகம். ஆனாலும் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. உடுப்புக்கு நடுவில் வையுங்கள், சிடியை வெளியே எடுத்துவிடுங்கள்.

ரீவியில் மாட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: இது யாருடைய கணக்கில் ஓடுகிறது? "மாமா, மச்சான்ர ஐடியிலயே விளையாடுறன், கேம் எல்லாம் அதுக்குள்ளதானே கிடக்கு" என்றான் அக்கா மகன். கிடக்கிறதுதான். ஆனால் அவன் விளையாடிச் சேர்க்கிற சேவும் மச்சான் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தன் சொந்தக் கணக்கில் அதைத் திறக்க முடியாது. அதனால் மச்சானின் கணக்கை இந்த பிஎஸ்4இல் 'பிரைமரி' ஆக்கிவிட்டு, அக்கா மகனுக்கென்று தனி யூசர் திறந்தோம். லண்டன்காரனின் கேம் இவனுக்கும் ஓடுகிறது, சேவ் இவன் பெயரில் விழுகிறது. பிஎஸ்5க்கு இந்த ஏற்பாடு தனி என்பதால் அங்கே இருப்பவனுக்கும் நட்டமில்லை. புதுக் கணக்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கையைத் தேடிக் களைக்க வேண்டாம், இல்லை. இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டைத்தான் போடுகிறார்கள். ஒருமுறை போட்ட நாட்டைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள்.

பிஎஸ்2 காலத்தில் 8 எம்பி மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போனால் வேலை முடிந்தது. இப்போது ஒரு கேமே 50, 100 ஜிபி. நம்முடைய டேட்டா பேக்கேஜில் அதைத் திரும்ப இறக்குவதென்றால் நள்ளிரவில் முழித்திருக்க வேண்டும். ஆனாலும் கேம் எப்போதும் இறக்கக்கூடிய சாமான். சில எம்பி மட்டுமே இருக்கிற சேவ் தொலைந்தால் அதைத் தர ஒருவரும் இல்லை. பிஎஸ்4இல் சேவ் டேட்டாவை மட்டும் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணலாம். டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக இருக்கட்டும், என்டிஎஃப்எஸ் எடுபடாது. பிஎஸ்5 கேமின் சேவுக்கு இந்தச் சலுகை இல்லை: காசு கட்டும் பிளேஸ்டேஷன் பிளஸ் கிளவுட், இல்லாவிட்டால் முழு மெஷினையும் பேக்கப். டிராஃபி எந்தப் பேக்கப்பிலும் வராது, அதை முன்கூட்டியே சிங்க் செய்யுங்கள்.

நம்மூருக்கு முக்கியமானது கரண்ட். சோளகம் அடிக்கிற மாதங்களில் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பேக்கப் எடுக்கும்போது நின்றால் பரவாயில்லை, மூலம் மெஷினில் அப்படியே இருக்கும், மறுபடி எடுக்கலாம். ரிஸ்டோர் அப்படியல்ல. அது முதலில் மெஷினை வெறுமையாக்கிவிட்டுத்தான் நிரப்பத் தொடங்கும். பாதியில் நின்றால் கையில் மிஞ்சுவது அந்த டிரைவ் மட்டுமே. சின்ன யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். அதனால் கரண்ட் வெட்டு அறிவிக்காத நாளாகப் பார்த்து, விடியற்காலையில்தான் ரிஸ்டோரில் கைவைப்பேன்.

பிஎஸ்4இலிருந்து பிஎஸ்5க்கு நேரே மாற்றுவதானால் வைஃபையை நம்பி இருக்க வேண்டாம். இரண்டும் ஒரே நெட்வொர்க்கில், ஒரே கணக்கில் இருக்கட்டும். நடுவே ஒரு லான் கேபிளைக் குத்துங்கள். பிஎஸ்5 கேட்கும்போது பிஎஸ்4இன் பவர் பட்டனை 'பீப்' கேட்கும் வரை ஒரு செக்கன் அழுத்த வேண்டும். சும்மா தட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. கேம்கள் ஏற்கெனவே எக்ஸ்டேர்னல் ஹார்டில் இருந்தால் இன்னும் லேசு: கழற்றி பிஎஸ்5இல் மாட்டினால் பிஎஸ்4 கேம்கள் அப்படியே ஓடும், ஒரு ஜிபியும் செலவில்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மைக்ரோ எஸ்டி கார்டில் கேம் இருக்கும், சேவ் இருக்காது. அது மெஷினின் உள் மெமரியில்தான். கார்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை விற்றுவிடாதீர்கள்.

பழைய பிஎஸ்4ஐக் கைமாற்ற அவசரப்பட வேண்டாம். மாற்றிய பிறகும் அதில் எல்லாம் அப்படியே இருக்கும். சில கேம்களின் பிஎஸ்5 பதிப்பு பழைய சேவ் டேட்டாவைத் தானாக எடுக்காது, பிஎஸ்4 பதிப்பைத் திறந்து அதன் மெனுவிலிருந்து அனுப்ப வேண்டும். பிள்ளை ஒவ்வொரு கேமையும் திறந்து, விட்ட இடத்திலேயே நிற்கிறது என்று பார்த்த பிறகு, பிரைமரியை நீக்கி, ரீசெட் செய்து கொடுங்கள்.