கண்டறிதலும் பின்தொடர்தலும்

காசநோயாளியைக் கண்டறிதல் பாதிப் பணியே. குணமாகும்வரை அவரைப் பின்தொடர்தலே மறுபாதி. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியது சென்னை மாநகர் எனலாம்.

1956இல் இங்குத் தொடங்கிய ஆய்வில், ஏழை நோயாளியருள் ஒரு பிரிவினர் மருத்துவமனையிலும், மற்றவர் வீட்டிலும் ஓராண்டு மருந்துண்டனர். பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர், உடனுறைவோரையும் கண்காணித்தனர். வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ நிகரான பயன் தந்ததென 1959இல் முடிவு வெளியாயிற்று.

இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் மீளும்; மருந்துக்கு அடங்காத கிருமியும் தோன்றலாம். வாடகை வீடு மாறுவோர் கணக்கிலிருந்து மறைந்துபோவதும் உண்டு. 2012 முதல் ‘நிக்சய்’ கணினிப் பதிவு உண்டு; ஆயினும், பதிவேடு கதவைத் தட்டாது; மனிதரே தட்டவேண்டும். நோய் விசாரித்தலை நபிவழியாகப் போற்றும் நாம், அண்டை வீட்டாரின் இறுதி மாத்திரைவரை துணைநிற்போமாக!