குடிசார் பொறியியலாளரின் பணி: பாலமும் நீர்த்தாங்கியும்



தோப்பூரிலிருந்து மூதூர், கிண்ணியா ஊடாகத் திருகோணமலைக்கு பஸ்ஸில் போயிருப்பீர்கள். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம் போதும். அப்பாலம் 2009 ஒக்டோபர் 20 இல் திறக்கப்படும்வரை அங்கே 'பாதை'தான் ஓடியது. (வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றும் மிதவையை நம் பகுதியில் பாதை என்போம். கட்டுரையில் எழுதும்போது இதனை விளக்கி எழுதுக.) நோயாளியாயினும் அதற்காகக் காத்திருக்க வேண்டும். 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்தின் வேலை முடியாதிருந்த வேளையில், மிதவையொன்று கவிழ்ந்து பாடசாலை மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

பாலம் அமைப்பவர் முதலில் வரைபடம் கீறுவார் என்றே பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. முதலில் நிலத்தைத் துளைத்து மண்ணை எடுத்துச் சோதிப்பார். பாலத்தின் சுயநிறையும் வாகனங்களின் நிறையும் தூண்கள் வழியே இறுதியில் மண்ணையே சேர்கின்றன. கடலேரியின் அடியில் சேறும் மணலும் இருந்தால், உறுதியான படையை எட்டும்வரை கொங்கிறீட் தூண்களை ஆழமாக இறக்க வேண்டும். வெள்ள காலத்தில் நீரோட்டம் தூணின் அடி மணலை அரித்துச் செல்லும். உலகில் பாலங்கள் விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இத்துறையில் நம்மவர் ஒருவரை அறிந்திருத்தல் வேண்டும். வடமராட்சியைச் சேர்ந்த பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் மண் பொறியியல் ஆய்வு செய்தவர். ஈரக் களிமண் சுமையின் கீழ் எவ்வாறு நெகிழ்கிறது என்பது பற்றி றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

நீர்த்தாங்கியை ஏன் உயரத்தில் வைக்கிறார்கள்? விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான்: அமுக்கம் = உயரம் × அடர்த்தி × ஈர்ப்பு ஆர்முடுகல். நீர்மட்டம் 20 மீற்றர் உயரத்தில் இருந்தால், 20 × 1000 × 10 = 200 000 பஸ்கால். இவ்வமுக்கமே பம்பி இல்லாமல் வீட்டுக் குழாய்க்கு நீரைத் தள்ளுகிறது. 500 கனமீற்றர் நீரின் நிறை 500 தொன். தாங்கி நிறைந்தால் தூண்களுக்குச் சுமை. வெறுமையானால் காற்று கவிழ்க்கும் அபாயம் அதிகம். 1978 இல் சூறாவளி கண்ட கிழக்கில் இரண்டையும் கணக்கிட்டே ஆகவேண்டும்.

கணக்குக்குப் பயந்து கலைப்பிரிவுக்குப் போனவன் நான். நீங்கள் விரும்பிப் போனால் சரி, பயந்து போகாதீர்கள். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாக அமைந்தால், உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் கற்கலாம். பேராதனை, மொறட்டுவை, றுகுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் பீடங்கள் உள்ளன. பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள்.

பயிற்சி: நீர்மட்டம் 15 மீற்றர் உயரத்திலுள்ள தாங்கியிலிருந்து தரைமட்டக் குழாயில் ஏற்படும் நீரமுக்கத்தைக் காண்க. அக்குழாய் 3 மீற்றர் உயரமான மாடியில் இருந்தால் விடை எவ்வாறு மாறும்?