மாதவிலக்கு நிற்கும் பருவமும் நமது கடமையும்

ஐம்பது வயதை ஒட்டி மாதவிலக்கு நிற்கும் பருவத்தில், பெண்களுக்குத் திடீரென முகமும் மார்பும் கனன்று வியர்வை பெருகுவதுண்டு. இதை செராஸ் வெயிலின் கொடுமை என்றோ, வீண் கோபம் என்றோ நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் மூளைப் பகுதி சிறு மாறுதலுக்கும் பதறுவதே இதன் காரணமாகும்.

தசைகளைத் தளர்த்தி மூச்சைச் சீராக்கும் பயிற்சியை இப்போது கைப்பேசி வழியாகவும் கற்பிக்கின்றனர். 2013இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், குழுவாகக் கூடி நேரில் பயின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 9 முறை வந்த சூடு, ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே பயிற்சியை இணையத்தில் அளித்தபோதோ, பலர் நடுவிலேயே நின்றுவிட்டனர். வட அமெரிக்க மாதவிலக்கு நிறுத்தச் சங்கம் 2023இல் இப்பயிற்சிக்குச் சான்று போதாதென்று கருதி, மனநலப் பேச்சுச் சிகிச்சை முதலியவற்றைப் பரிந்துரைத்தது.

ஆகவே, பயிற்சியால் மன அமைதி கிட்டுமாயின் நன்று. அதையே முழு மருந்தென நம்புதல் தகாது. பயில விரும்பும் இல்லாளுக்கு, கடையடைத்து வந்தபின் வீட்டு வேலையை நாம் ஏற்று, கால்மணி நேர ஓய்வளிப்போமாக! தூக்கம் கெடுமளவு தொல்லையிருப்பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ஹார்மோன் சிகிச்சை முதலிய வழிகள் உள்ளன. விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் கண்டாலோ, ஒருநாளும் தாமதித்தலாகாது.